பந்து எடுத்துப் போகும் பிள்ளைகளுக்கு

முள்ளிப்பட்டிலும் ஆரணியைச் சுற்றியுள்ள ஊர்களிலும் பள்ளியில் கூடைப்பந்து பழகி, விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலூருக்கோ சென்னைக்கோ கோவைக்கோ படிக்கப் போகிற பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். பந்தை எப்படிப் போடுவது, எப்படித் தடுப்பது என்று சொல்லித்தர அங்கே கோச் இருப்பார். காலைப் பற்றி மட்டும் யாரும் உட்கார வைத்துச் சொல்வதில்லை. நன்றாக ஆடிய பிள்ளைகள் முதலாமாண்டிலேயே காலைக் கெடுத்துக்கொண்டு, மறு வருஷம் மைதானத்துக்கு வெளியே உட்கார்ந்து கைதட்டுவதை உடற்கல்வி ஆசிரியையாக இருந்த காலத்தில் நிறையப் பார்த்துவிட்டேன். அவர்களில் பலருக்கு அது வந்திருக்கவே வேண்டியதில்லை. அந்த ஆற்றாமையில்தான் இவ்வளவும் சொல்கிறேன்.

1. போய்ச் சேருவதற்கு முன்பே காலைத் தயார் செய்.

பிளஸ் டூ தேர்வு மார்ச்சில் முடிந்துவிடும். கல்லூரி திறக்க ஜூலை, ஆகஸ்ட் ஆகும். நடுவில் மூன்று நான்கு மாதம் பந்தைத் தொடாமல் இருந்துவிட்டு, போன மறுநாளே விடியற்காலை ஒரு பிராக்டிஸ், சாயங்காலம் ஒரு பிராக்டிஸ் என்று இறங்கினால் கால் தாங்காது. ஊரில் நீ ஆடியது மண் தரை, தினம் ஒரு மணி நேரம். அங்கே பெரும்பாலும் சிமெண்ட் தரை, ஆடுகிற நேரமோ இரண்டு மூன்று மடங்கு.

மூச்சும் தசையும் சில வாரத்திலேயே பழகிவிடும். எலும்புக்கு அதைவிட அதிக நாள் வேண்டும். அழுத்தம் விழுகிற இடத்தில் எலும்பு முதலில் கொஞ்சம் கரையும், அதன் பிறகே முன்னைவிடப் பலமாகக் கட்டிக்கொள்ளும். கரைந்து கட்டுவதற்குள் மேலும் மேலும் பாரம் ஏற்றினால் முடி போல ஒரு விரிசல் விடும். 1855-இல் பிரஷ்ய ராணுவ மருத்துவர் ப்ரைட்ஹாப்ட் என்பவர், நெடுந்தூரம் நடந்த சிப்பாய்களின் பாதம் அடிபடாமலே வீங்கி வலிப்பதை எழுதிவைத்தார். காரணம் அவருக்குப் பிடிபடவில்லை. எக்ஸ்ரே வந்த பிறகுதான் அது பாத எலும்பில் விழுந்த விரிசல் என்று தெரிந்தது. முதலாமாண்டுப் பிள்ளைகளுக்கு இன்று வருவதும் அதே விரிசல்தான்.

ஆகவே ஏப்ரலிலேயே தொடங்கு. ஸ்கிப்பிங், மெதுவான ஓட்டம், பிறகு குதித்து ஆடுவது என்று வாரத்துக்குக் கொஞ்சமாக ஏற்று. கல்லூரியில் முதல் இரண்டு மாதம் கோச் சொன்னதற்கு மேல் நீயாகத் தனியாகக் குதிக்காதே. ஆர்வம் நல்லதுதான், ஆனால் அதற்கு எலும்பு ஈடுகொடுக்க வேண்டும்.

2. எங்கே வலிக்கிறது என்று ஒரு விரலால் தொட்டுப் பார்.

காலெல்லாம் கனத்து, கெண்டைக்கால் இழுத்துப் பிடித்து, ஒரு நாள் ஓய்வில் சரியாகிப் போனால் அது களைப்பு, பயப்படாதே. ஒரே இடத்தில், விரல் நுனி அளவுக்குள், தொட்டால் சுரீர் என்று வலிக்கிறதா? ஆடும்போது வந்து நின்றால் போய்விடும் வலி, வாரம் ஆக ஆக நடக்கும்போதும் இருக்கிறதா? அன்றைக்கே ஆட்டத்தை நிறுத்து.

கூடைப்பந்து ஆடுகிறவர்கள் தெரிந்து வைத்திருக்க வேண்டிய இரண்டு இடங்கள் உண்டு. செருப்பைக் கழற்றிவிட்டு நான் சொல்கிறபடி தடவிப் பார்.

முதல் இடம்: சுண்டுவிரலிலிருந்து பாதத்தின் வெளி ஓரமாகவே குதிகாலை நோக்கி விரலை ஓட்டு. ஏறக்குறையப் பாதி தூரத்தில் ஒரு முண்டு தட்டுப்படும். அந்த முண்டுக்குச் சற்று முன்னால், விரல் பக்கமாக உள்ள எலும்புக்கு ரத்த ஓட்டம் குறைவு. உடைந்தால் சீக்கிரம் கூடாது. லிவர்பூல் அறுவை மருத்துவர் ராபர்ட் ஜோன்ஸ் நடனமாடும்போது தன் பாதத்திலேயே அந்தப் பக்கம் உடைந்ததைக் கண்டு 1902-இல் எழுதினார். ஜோன்ஸ் முறிவு என்றுதான் இன்றும் சொல்கிறார்கள். அமெரிக்க லீக் வீரர் கெவின் டுரான்ட்டுக்கு 2014 அக்டோபரில் வந்தது இதுதான். திருகாணி வைத்துப் பூட்டினார்கள், டிசம்பரில் ஆட வந்தார், மறுபடி தொல்லை கொடுத்தது, கடைசியில் வேறு இடத்து எலும்பை எடுத்து ஒட்டவைக்க வேண்டியதாயிற்று. அந்த சீசனில் அவர் ஆடியது மொத்தம் 27 ஆட்டம். உலகத்தின் மிகச் சிறந்த வைத்தியம் கிடைக்கிற ஆளுக்கே அப்படி.

இரண்டாவது இடம் பாதத்தின் மேற்புறம், கணுக்கால் மடிப்புக்குச் சற்றுக் கீழே, நடுவில். உள்ளே நாவிக்குலர் என்ற எலும்பு இருக்கிறது. ஓடிவந்து எகிறும்போது பாதத்தின் வளைவில் விழும் பாரம் அதன் நடுப்பகுதியை நெருக்கும். இதில் விரிசல் விட்டால் வீக்கம் பெரிதாகத் தெரியாது, வலியும் மங்கலாக, பாதம் முழுக்கப் பரவினாற்போல இருக்கும். அதனாலேயே மாதக்கணக்கில் கண்டுபிடிக்காமல் விடுகிறார்கள். கான்சாஸ் கல்லூரியில் ஒரே வருஷம் ஆடிய ஜோயல் எம்பீடுக்கு 2014 ஜூனில் இந்த எலும்பில்தான் அறுவை நடந்தது. அடுத்த இரண்டு சீசன் முழுதும் அவர் ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. ஏழரை அடி உயர சீன வீரர் யாவ் மிங் இடது பாதத்தில் திரும்பத் திரும்ப விரிசல் விட்டு, 2011-இல், முப்பது வயதில், ஆட்டத்தையே விட்டார்.

இந்த இரண்டு இடத்திலும் தொட்டால் வலி என்றால் ‘பார்த்துக்கொள்ளலாம்’ என்ற பேச்சே கூடாது. எனக்கு இதில் மாற்றுக் கருத்து கிடையாது.

3. வலி தெரியாமல் செய்துகொண்டு ஆடாதே.

ஸ்பிரே அடித்துக்கொண்டு, மெடிக்கலில் சீட்டு இல்லாமல் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு, ‘ஒரு மேட்ச்தானே’ என்று இறங்குகிற வழக்கம் நம் கல்லூரிப் போட்டிகளில் சகஜமாகிவிட்டது. சில இடத்தில் ஊசி வரைக்கும் போகிறது. எனக்குக் கோபம் வருகிற விஷயம் இது ஒன்றுதான்.

பில் வால்டன் என்று ஒருவர் இருந்தார். கல்லூரி ஆட்டத்தில் அவருக்கு நிகர் சிலர்தான். 1977-இல் போர்ட்லண்ட் அணிக்குக் கோப்பை வாங்கித் தந்தார். மறு வருஷம் பிளே-ஆஃப் ஆட்டத்தில் கால் வலித்தது, ஊசி போட்டுக்கொண்டு ஆடினார். பிறகு எடுத்த எக்ஸ்ரேயில் இடது பாதத்து நாவிக்குலர் உடைந்திருந்தது. அடுத்த சீசன் முழுவதும் போயிற்று. வாழ்நாளில் அவருக்கு நடந்த அறுவைகள் முப்பதுக்கு மேல்.

வலி எதற்கு இருக்கிறது என்பதை உலகத்துக்குச் சொன்ன ஒருவர் நம் பக்கத்தில்தான் வேலை பார்த்தார். டாக்டர் பால் பிராண்ட், 1914-இல் கொல்லிமலையில் பிறந்தவர். 1946-இல் வேலூர் சி.எம்.சி.க்கு வந்து தொழுநோயாளிகளின் கையையும் காலையும் ஆராய்ந்தார். நோயே சதையை அழுகவைக்கிறது என்று எல்லாரும் நம்பிய காலம் அது. நோய் நரம்பைத்தான் கெடுக்கிறது, நரம்பு கெட்டதால் வலி தெரிவதில்லை, வலி தெரியாததால் அவர்கள் ஒரே இடத்தில் அழுத்தி நடந்து நடந்து தாங்களே பாதத்தைப் புண்ணாக்கிக்கொள்கிறார்கள் என்று அவர் கண்டார். உனக்கும் எனக்கும் பாதத்தில் ஒரு இடம் நோகத் தொடங்கினால், யோசிக்காமலே பாரத்தை வேறு பக்கம் மாற்றி வைக்கிறோம். அந்த மாற்றம்தான் காலைக் காப்பாற்றுகிறது. வேலூரிலும் கரிகிரி தொழுநோய் மருத்துவமனையிலும் நடந்த அந்த வேலையில் பிறந்ததுதான் இன்று சர்க்கரை நோயாளிகள் போடுகிற எம்.சி.ஆர். ரப்பர் செருப்பு. பிற்காலத்தில் வலியை யாரும் விரும்பாத ஒரு பரிசு என்று சொல்லி ஒரு புத்தகமே எழுதினார்.

அந்த நோயாளிகள் திரும்பப் பெற முடியாமல் தவித்த ஒன்றை, நீ ஒரு கோப்பைக்காக மரக்கவைத்துக்கொள்ளலாமா?

உன் வீட்டுத் தறியிலேயே பார்த்திருப்பாய். பாவில் ஒரு இழை அறுந்தால் அப்பா மிதியிலிருந்து காலை எடுத்துவிட்டு, இழையைச் சேர்த்து முடிந்த பிறகுதான் மேலே நெய்வார். பார்க்காததுபோல நெய்துகொண்டே போனால் புடவை நெடுக அந்தக் கோடு ஓடும், கூலியிலும் பிடிப்பார்கள். எலும்பும் அப்படித்தான்: விரிசலோடு ஆடிய ஒவ்வொரு நாளும் பிறகு வாரக்கணக்கில் கழியும்.

4. ஷூ வாங்கும்போது விலையையும் பெயரையும் பார்ப்பதற்கு முன் காலைப் பார்.

சாயங்காலத்தில் கடைக்குப் போ, நாள் முழுக்க நடந்த கால் அப்போதுதான் தன் முழு அளவில் இருக்கும். ஆடும்போது போடுகிற சாக்ஸையே போட்டுக்கொண்டு அளவு பார். நின்ற நிலையில் நீளமான விரலுக்கு முன்னால் கட்டைவிரல் அகலம் இடம் இருக்க வேண்டும், குதிகால் நழுவக் கூடாது. இரண்டு காலும் ஒரே அளவில் இருக்காது; பெரிய காலுக்கு வாங்கு.

ரன்னிங் ஷூவோடு கூடைப்பந்து ஆடாதே. அது நேராக ஓடுவதற்கு, குதிகால் உயரமாக, மெத்தென்று செய்தது. பக்கவாட்டில் நின்று திரும்பும்போது பாதம் அதன்மேல் உருண்டுவிடும். கணுக்காலை மூடுகிற உயர ஷூ போட்டால் சுளுக்கே வராது என்பார்கள். அமெரிக்காவில் 622 கல்லூரி ஆட்டக்காரர்களை வைத்துச் செய்து 1993-இல் வெளியான ஆய்வில் உயர ஷூவுக்கும் தாழ்ந்த ஷூவுக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஆகவே அதற்காக அப்பாவிடம் கூடுதல் பணம் கேட்காதே. பெரிய கம்பெனியின் பெயர் ஒட்டிய காப்பி ஷூவும் வேண்டாம். சோல் பிரிந்து வரும். அசல் ஷூவே கிழியும்: 2019 பிப்ரவரியில் ட்யூக் கல்லூரியின் ஜயான் வில்லியம்சன் வட கரோலினாவுக்கு எதிராக ஆட்டம் தொடங்கி ஒரு நிமிஷம்கூட ஆகாத நிலையில் இடது ஷூ பிளந்து, முட்டி பிசகி வெளியேறினார். வாரம் ஒரு முறை உன் ஷூவைத் திருப்பிப் பார். ஒரு ஓரம் மட்டும் தேய்ந்திருந்தால், வளைத்தால் நடுவில் மடிந்தால், அது ஆட்டத்துக்கு முடிந்துபோன ஷூ. கல்லூரிக்குப் போட்டு நட, கோர்ட்டுக்கு வேண்டாம்.

5. எகிறப் பழகுவதைப் போலவே இறங்கவும் பழகு.

ஆஸ்திரேலியாவில் கூடைப்பந்து ஆடுகிறவர்களை வைத்துச் செய்து 2001-இல் வெளியான பெரிய ஆய்வில், கணுக்கால் காயங்களில் ஏறத்தாழப் பாதி தரையில் இறங்கும்போது ஏற்பட்டவை. ரீபவுண்டுக்கு எகிறி அடுத்தவன் பாதத்தின் மேல் இறங்குவதுதான் வழக்கமான விபத்து. இரண்டு காலிலும், முட்டியை மடக்கி, சத்தம் வராமல் இறங்கு. சத்தம் கேட்டால் எலும்பு அடி வாங்குகிறது என்று எடுத்துக்கொள். கோர்ட்டில் மணல் இருந்தால் ஆட்டத்துக்கு முன் நீயே துடைப்பத்தை எடுத்துப் பெருக்கு, கௌரவம் பார்க்காதே.

அடுத்தவன் காலையும் நினைத்துக்கொள். எகிறியவன் எகிறிய இடத்திலேயே இறங்க உரிமை உள்ளவன் என்பது சர்வதேச விதி. ஷூட் செய்து அந்தரத்தில் இருப்பவனின் கீழே பாதத்தை நீட்டுவது ஃபவுல் என்பதோடு நின்றுவிடாது, ஒரு பிள்ளையின் வருஷத்தையே பறிக்கிற காரியம். 2017 மே மாதம் அமெரிக்க லீக் வீரர் காவாய் லெனார்ட் அப்படி இன்னொருவர் பாதத்தின்மேல் இறங்கிக் கணுக்காலைத் திருகிக்கொண்டார். அதற்கடுத்த சீசனிலேயே அந்த லீக் அந்தச் செயலுக்குத் தண்டனையைக் கடுமையாக்கியது.

6. சுளுக்கிய காலில் எண்ணெய் தேய்க்கவோ இழுத்து நீவவோ விடாதே.

ஊரில் யாராவது பாசத்தோடு வருவார்கள். காலால் பிறந்தவரை மிதிக்கச் சொல்வார்கள், நல்லெண்ணெய் காய்ச்சி உருவுவார்கள். அவர்கள் மனதை நோகடிக்காமல் வேண்டாம் என்று சொல். கணுக்காலின் வெளிப்பக்கம் எலும்பையும் எலும்பையும் பிணைக்கிற தசைநார் கிழிந்து உள்ளே ரத்தம் கசிந்துகொண்டிருக்கிறது. உருவினால் இன்னும் கசியும். முதல் இரண்டு மூன்று நாள் சூடும் வேண்டாம். துணியில் சுற்றிய ஐஸ் ஒரு வேளைக்குப் பதினைந்து இருபது நிமிஷம், விரல் பக்கத்திலிருந்து மேலே கெண்டைக்கால் நோக்கிச் சுற்றிய கிரேப் பேண்டேஜ், தலையணை மேல் உயர்த்தி வைத்த கால், அவ்வளவு போதும்.

சுளுக்கா, முறிவா என்று சந்தேகம் வந்தால், கனடாவின் ஒட்டாவாவில் மருத்துவர்கள் 1992-இல் வகுத்த சுலபமான வழி ஒன்று இருக்கிறது. அடிபட்ட உடனேயும் டாக்டர் பார்க்கும்போதும் நான்கு அடி எடுத்துவைக்க முடியாவிட்டால் எக்ஸ்ரே எடுக்க வேண்டும். கணுக்காலின் இரு பக்க முண்டின் நுனியிலோ பின் ஓரத்திலோ எலும்பைத் தொட்டு வலித்தாலும் எடுக்க வேண்டும். மேலே தடவிப் பார்க்கச் சொன்னேனே, பாதத்தின் வெளி ஓர முண்டும் நாவிக்குலரும், அங்கே தொட்டு வலித்தாலும் அப்படியே. இதெல்லாம் முடிவாகும் முன் ஆந்திரத்துப் புத்தூர் கட்டுக்கு வண்டி ஏற வேண்டாம்.

7. வீக்கம் வடிந்துவிட்டது என்பதற்காகக் கால் ஆறிவிட்டது என்று நினைக்காதே.

அதே ஆஸ்திரேலிய ஆய்வில், ஒரு முறை கணுக்கால் சுளுக்கியவருக்கு மறுபடியும் அது நேர்வது மற்றவரைவிட ஏறத்தாழ ஐந்து மடங்கு. நார் கிழிந்தபோது, பாதம் எந்தப் பக்கம் சாய்கிறது என்று மூளைக்குச் சொல்கிற நரம்பு முனைகளும் கெட்டுப்போகின்றன. அவற்றை நீதான் மறுபடி பழக்க வேண்டும்.

மூன்றாம் நாளிலிருந்து கட்டிலில் உட்கார்ந்தபடி கட்டைவிரலைப் பேனாவாக நினைத்துக் காற்றில் அ முதல் ன வரை எழுது. ழ, ஞ இரண்டுக்கும் கணுக்கால் நன்றாகச் சுழலும். வலி குறைந்ததும் பல் துலக்குகிற நேரம் முழுக்க ஒற்றைக் காலில் நில். பிறகு கண்ணை மூடி நில். பிறகு ஒற்றைக் காலில் நின்றே சுவரில் பந்தை அடித்துப் பிடி. ஆட்டத்துக்குத் திரும்பும் முன் எட்டு போல் வளைந்து ஓடிப் பார். அடிபட்ட காலால் மற்ற காலுக்குச் சமமாக நொண்டியடிக்க முடிய வேண்டும், மறுநாள் காலை வீக்கம் இருக்கக் கூடாது. முதல் சில மாதம் கயிறு கட்டுகிற கணுக்கால் பிரேஸ் போடு. அமெரிக்கப் பள்ளி ஆட்டக்காரர்கள் 1,460 பேரை வைத்து 2011-இல் வந்த ஆய்வில், அதைப் போட்டவர்களுக்குக் கணுக்கால் காயம், போடாதவர்களுக்கு வந்ததில் மூன்றில் ஒரு பங்கு அளவே இருந்தது.

8. கெண்டைக்கால் பிடிப்பை அலட்சியம் செய்யாதே.

கெண்டைக்கால் தசையைக் குதிகாலோடு பிணைக்கும் நாண் அறுந்தால் பின்னாலிருந்து யாரோ உதைத்தாற்போல இருக்கும், அதோடு ஒரு வருஷம் போகும். கெவின் டுரான்ட் 2019-இல் கெண்டைக்கால் காயத்தோடு ஒரு மாதம் உட்கார்ந்துவிட்டு இறுதிப் போட்டிக்கு வந்தார், வந்த ஆட்டத்திலேயே அறுந்தது. 2025 ஜூனில் கெண்டைக்கால் காயத்தோடு ஆடிய டைரீஸ் ஹாலிபர்ட்டனுக்கும் நாண் அறுந்தது. படிக்கட்டின் விளிம்பில் முன்பாதத்தால் நின்று குதிகாலை மெதுவாகக் கீழே இறக்கி ஏற்றுவதைத் தினமும் செய்து வா.

9. பெண் பிள்ளைகளே, இதைக் கூச்சப்படாமல் படியுங்கள்.

பிராக்டிஸ் கூடிய பிறகு மாதவிலக்கு மூன்று மாதம் வராமல் இருந்தால், ‘நல்லதாய்ப் போயிற்று, தொல்லை விட்டது’ என்று விட்டுவிடாதீர்கள். ஓடுகிற அளவுக்குச் சாப்பாடு போதவில்லை என்று உடம்பு சொல்கிறது. ஹார்மோன் சுரப்பு குறைந்தால் எலும்பு மெலியும், மெலிந்த எலும்பில் விரிசல் சீக்கிரம் விழும். டாக்டரிடம் போகும்போது கால் வலியோடு இதையும் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் பல பேர் கேட்கக்கூட மாட்டார்கள். சாப்பாடு போதாத இந்தக் குறை ஆண்களுக்கும் வரும் என்று சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 2014-இல் எடுத்துச் சொன்னது. மெஸ் சாப்பாடு பிடிக்கவில்லை என்று பிஸ்கட்டோடு படுக்கிற பையன்களும் கேட்டுக்கொள்ளட்டும்.

வீட்டிலிருந்து கேழ்வரகு மாவு கொண்டு போ. நூறு கிராமில் 340 மில்லிகிராம் அளவுக்குச் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது, அரிசியில் அதில் சிறு பங்குகூட இல்லை. பால், முட்டை, முருங்கைக்கீரை, கொஞ்சம் வெயில். பவுடர் டப்பாவெல்லாம் அதற்குப் பிறகுதான்.

10. நகத்தை நேராக வெட்டு, ஓரத்தைத் தோண்டாதே. ஈர சாக்ஸை ஷூவுக்குள் விட்டுவிட்டுத் தூங்காதே. கொப்புளத்தின் தோலை உரிக்காதே.

11. மறைக்காதே.

நீ ஏன் மறைக்கிறாய் என்று எனக்குத் தெரியும். ஃபீஸ் சலுகை போய்விடுமோ, ஹாஸ்டல் போய்விடுமோ, உன் இடத்தில் இறங்குகிறவன் அப்படியே நிலைத்துவிடுவானோ என்று பயம். வீட்டில் ஒரு புடவை முடித்தால்தான் கூலி என்ற நிலையில் அப்பாவிடம் ஸ்கேனுக்குப் பணம் கேட்க மனசு வராது. அந்தப் பயம் நியாயமானது. ஆனால் கணக்கைச் சரியாகப் போடு. நாவிக்குலர் விரிசலை ஆரம்பத்தில் பிடித்தால் பெரும்பாலும் ஆறு முதல் எட்டு வாரம் கால் ஊன்றாமல் கட்டுப் போட்டிருக்க வேண்டும், பிறகு மெல்லத் திரும்பலாம். அதை மறைத்து முழுதாக உடைய விட்டால் அறுவை, வருஷம், சில சமயம் ஆட்டமே போகும். எட்டு வாரம் உட்கார்ந்த பிள்ளையை எந்தக் கல்லூரியும் அனுப்பிவிடுவதில்லை என்று என்னால் உறுதி கொடுக்க முடியாது. சில இடங்களில் நடக்கிறது, அது அநியாயம். அதனால்தான் சேரும்போதே காயம்பட்டால் சலுகை தொடருமா என்று அப்பாவை வைத்துக்கொண்டு கேட்டு, எழுதி வாங்கிக்கொள். பதில் சொல்லத் தயங்குகிற இடத்தில் சேர யோசி.

வலித்தால் முதலில் கோச்சிடம் சொல், அன்று இரவே வீட்டுக்கும் சொல். என்றைக்கு ஆரம்பித்தது, எந்த இடம், அதற்கு முந்தின வாரம் எவ்வளவு ஆடினாய் என்று ஒரு நோட்டில் எழுதி வை. டாக்டருக்குப் பாதி வேலை அதில் முடிந்துவிடும். முதல் எக்ஸ்ரேயில் ‘ஒன்றுமில்லை’ என்று வந்தால் சந்தோஷப்பட்டு ஓடிவிடாதே. விரிசல் பெரும்பாலும் முதல் இரண்டு மூன்று வாரம் எக்ஸ்ரேயில் தெரியாது. வலி அதே இடத்தில் இருந்தால் மறுபடி எடுக்கச் சொல் அல்லது எம்.ஆர்.ஐ. வேண்டுமா என்று கேள். தனியாரில் செலவு கட்டாவிட்டால் நம் பிள்ளைகளுக்கு அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை பக்கம், திருவண்ணாமலையிலும் இருக்கிறது. போகும்போது பழைய எக்ஸ்ரே பிலிமையும், ஆடுகிற ஷூவையும் கையோடு எடுத்துப் போ.